மீனா, கறியா? எத்தனை பேருக்கு?

(வாசுதேவநல்லூரில் நூலக வாசகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் வாழ்ந்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் சொல்லப் போவது ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1991-இல் சிங்கப்பூருக்குப் போனேன். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. இரண்டு வருடம் கழித்து முதல் விடுப்பில் ஊருக்கு வந்தேன். தைலம், சோப்பு, டார்ச் லைட், சேலை எல்லாம் பிரித்துக் கொடுத்து முடிந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் ஆச்சி என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டாள். "அந்த ஊர்ச் சனம் எப்படிப்பா? காலையில என்ன திம்பாவ? செத்தா எரிப்பாவளா, பொதைப்பாவளா?"

மூன்றில் ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு அன்றைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டிருந்தால் பைசாவோடு சொல்லியிருப்பேன். சிராங்கூன் சாலையில் எந்தக் கடையில் தங்கம் சேதாரம் குறைவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம். எட்டுப் பேரும் நம் சீமைக்காரர்கள். சாம்பார் எங்கள் கையால் வைத்தது. பாட்டு டேப் இங்கிருந்து கொண்டுபோனது. இரண்டு வருடம் வாசுதேவநல்லூரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கிவைத்து, அதற்குள்ளேயே குடியிருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆச்சி என்னைத் திட்டவில்லை. "சரி, அடுத்த தடவை வரும்போது கேட்டுட்டு வா" என்றாள், கடைக்குப் போகிற பிள்ளையிடம் சொல்வது மாதிரி.

அவள் சொல்லியனுப்பியபடி கேட்கப் போன கதைதான் இன்றைய பேச்சு.

முதலில் கேட்ட இடம் ஒரு மசாலாக் கடை. அதற்கு முன்னால், நம் பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பஸ் ஏறினால் புளியங்குடி, சொக்கம்பட்டி தாண்டிக் கடையநல்லூர். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு தெருவுக்குக் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்றே பெயர். முதன்முதலில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது, மேலக் கடையநல்லூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி எனக்கு நெஞ்சு அடைத்தது. நெசவு நொடித்த காலத்தில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கப்பலேறிப் போய்த் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறின. அதற்கு முன்பே நம் கடற்கரை ஊர்களிலிருந்து வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்கள் நிறையப் பேர் தனியாகப் போய்ச் சம்பாதித்துத் திரும்பினார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். இந்த ஒரு வித்தியாசம் சின்னதாகத் தெரியும். பெண்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓர் இடம் ஊராகும்.

ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் அம்மியில் உட்கார்ந்தார்கள். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், சோம்பு எல்லாவற்றையும் விடிகாலையில் தனித்தனியாக விழுதாக அரைத்துக் கொடுக்க, வீட்டு ஆண்கள் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். வாங்கினவர்கள் யார்? மலாய்க்காரர்கள், சீனர்கள், சீனமும் மலாயும் கலந்த நோன்யா வீட்டுப் பெண்கள். நெசவு தெரிந்த கைகள், தறி இல்லாத ஊரில், அந்த ஊர்ச் சமையலுக்கு அரைக்கக் கற்றுக்கொண்டன. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1941-இல் அங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜப்பான்காரன் ஆட்சியின் பசியெல்லாம் கடந்து, 1946-இல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அது வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாகி, 1982-இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் மட்டும் இன்று அங்கே அரசாங்கத்தின் தமிழ்மொழி நிலையத்துக்கு நிலைத்திருக்கிறது. எட்டயபுரத்துச் சீறாப்புராணக்காரர் பெயரைச் சிங்கப்பூரில் நிறுத்தினவர்கள், அம்மிக் காசில் வாழ்ந்த இந்தக் குடும்பங்கள்.

நான் போன காலத்தில் அம்மி போய் மிஷின் வந்துவிட்டது. ஆனால் ஈரச்சந்தைகளில் அரைத்த மசாலா விற்கிற கடைகள் இருந்தன. மீன் வெட்டுகிற சத்தம், வழுக்குகிற தரை, அதற்கு நடுவில் ஒரு பலகை. பலகைமேல் வரிசையாகச் சட்டிகள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் மண் நிறம், ஒன்றில் பச்சை. பின்னால் முக்காடு போட்ட ஒரு வயதான அம்மா. ஒரு சீனப் பெண் வந்து நிற்கிறாள். அந்த அம்மா மலாயில் கேட்கிறார்: "மாசாக் ஆப்பா?" என்ன சமையல்? அடுத்தது, "ஈக்கானா, டாகிங்கா?" மீனா, கறியா? அதற்கும் பதில் வந்ததும் "பெராப்பா ஓராங்?" எத்தனை பேருக்கு? இந்த மூன்று பதிலையும் வாங்கிக்கொண்டு, கரண்டியால் இந்தச் சட்டியில் ஒரு வழி, அந்தச் சட்டியில் அரை வழி என்று வழித்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார். தராசு கிடையாது. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் எண்ணெயில் வதக்கி மீனைப் போட வேண்டியதுதான் பாக்கி.

நான் பின்னால் நின்று தமிழில் கேட்டேன், "அம்மா, ஒவ்வொருத்தருக்கும் எப்படி ஞாபகம் வைக்கிறீங்க?" அவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, வாசுதேவநல்லூரா" என்று சொல்லிவிட்டு, அப்பா வழியில் ஊர் கடையநல்லூர், தான் பிறந்ததெல்லாம் இங்கேதான் என்றார். பிறகு சொன்னார்: "சீனவங்களுக்குக் காரம் குறைச்சு, மஞ்சள் குறைச்சு. மலாய்க்காரங்களுக்குக் கறின்னா மல்லி தூக்கலா. நோன்யா வீட்டுக்கு அரத்தையும் செராயும், அதான் எலுமிச்சைப் புல்லும், சேரணும். சில வீட்டில கெழவி இருக்கா, மிளகாய் ஆகாது. அதுக்குத் தனியா."

எனக்கு அந்த இடத்தில் ஒன்று விளங்கியது. இந்த அம்மா யார் வீட்டுக்குள்ளும் போனதில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த அடுப்பில் இன்றைக்கு என்ன கொதிக்கிறது, எந்த வீட்டில் விருந்தாள் வந்திருக்கிறான், எந்த வீட்டில் ஆள் குறைந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஐந்து பேருக்கு வாங்கிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் நாலு பேருக்குக் கேட்டால், கையைத் துடைத்துவிட்டு விசாரிப்பார். அந்த ஊருக்குத் தேவையான ஒன்றைத் தினமும் கொடுத்துக்கொண்டே இருந்ததால், அந்த ஊர் தன் கதவைத் தானாக அவருக்குத் திறந்திருக்கிறது. நாங்கள் எட்டுப் பேர் வேலையைக் கொடுத்தோம், சம்பளம் வாங்கினோம். அக்கம்பக்கத்துக்கு எதையும் கொடுக்கவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவுமில்லை.

அன்றிலிருந்து வாராவாரம் அதே கடைக்குப் போனேன். சுற்றுலாவில் பத்து இடத்தை ஒரு தடவை பார்ப்பார்கள். ஒரே இடத்துக்குப் பத்துத் தடவை போய்ப் பாருங்கள். மூன்றாவது தடவை முகம் தெரியும், ஐந்தாவது தடவை பெயர் கேட்பார்கள், எட்டாவது தடவை "என்ன, போன வாரம் காணோம்?" என்பார்கள். அந்தக் கேள்வி கிடைத்துவிட்டால் நீங்கள் அந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

காப்பிக் கடையிலும் அப்படித்தான். அங்கே வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டியான டின் பால் ஊற்றித் தருவான். கடுங்காப்பி வேண்டுமென்றால் 'கோப்பி ஓ'. 'ஓ' என்றால் ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. சர்க்கரை வேண்டாமென்றால் 'கோசோங்'. அது மலாய், வெறுமை என்று பொருள். ஒரு டம்ளர் காப்பியைச் சொல்ல இரண்டு இனத்து வாய் வேண்டும். காலையில் என்ன திம்பாவ என்று ஆச்சி கேட்டாளே, அதற்கான பதிலும் அந்த மேஜையில்தான் கிடைத்தது. நம் செங்கோட்டை பார்டரில் சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிடுகிற பரோட்டா, அங்கே 'பிராட்டா' ஆகி, சீனக் குழந்தை அதைச் சர்க்கரையில் தொட்டுத் தின்கிறது. முதலில் பார்த்தபோது என்னவோ போல இருந்தது. ஒரு நாள் நானும் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மலாய் பேசக் கற்றுக்கொள்ளப் போனால் நம் சொல்லே எதிரில் வந்து நிற்கும். கடைக்கு 'கெடாய்', பெட்டிக்கு 'பெத்தி', கட்டிலுக்கு 'காத்தில்', கப்பலுக்கு 'காப்பால்', கொத்துமல்லிக்கு 'கெத்தும்பார்'. நமக்கு முன்னால் போனவர்கள் யார், என்ன கொண்டுபோனார்கள் என்று இந்தச் சொற்களே பட்டியல் போட்டுச் சொல்லிவிடும். கடை, பெட்டி, கட்டில், கப்பல். வியாபாரியின் சாமான்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நாலாவது வருடம் எனக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். அங்கே ஒரே கட்டடத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லோரும் கலந்துதான் இருக்க வேண்டும் என்று 1989-லிருந்து அரசு விதியே இருக்கிறது. கட்டடத்தின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருப்பார்கள். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான்.

எங்கள் மாடியில் இருந்த சீனப் பெரியவர் இறந்துபோனார். கீழே பெட்டியை வைத்துத் திரை கட்டியிருந்தார்கள். இரவு வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பெட்டிக்குப் பத்தடி தள்ளி மேஜை போட்டு நாலு பேர் சீட்டாடுகிறார்கள். நிலக்கடலை, முலாம்பழ விதை, குளிர்பானம். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்த வீட்டில் இப்படி ஒரு சூதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போய்விட்டேன். அந்த முகத்தைப் பெரியவரின் மகன் பார்த்திருக்கிறான்.

மறுநாள் மசாலாக் கடை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க ராத்திரி பெட்டிய தனியா விடக்கூடாது தம்பி. மூணு நாளோ அஞ்சு நாளோ முழிச்சுக் கிடக்கணும். தூக்கம் வராம இருக்கத்தான் சீட்டு. வந்து உட்கார்ந்து ஆடுறவங்க எல்லாம் உதவிக்கு வந்தவங்க" என்றார். நம் ஊரில் துஷ்டி வீட்டில் ராத்திரி முழிப்பு இருக்கிறவர்கள் என்ன செய்வோம்? கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். இடையில் சிரிப்பும் வரும். வெளியூர்க்காரன் அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?

அன்று இரவு கீழே போனேன். வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் ஒற்றைப்படையில் என்று அந்த அம்மா சொல்லியனுப்பியிருந்தார். ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டேன். ஒரு சிவப்பு நூலைக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் போகுமுன் அதை எறிந்துவிட வேண்டுமாம். எழுந்தபோது பழக்கத்தில் மகனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்துத் தடுத்து, சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்றார். அப்படியே நின்றுவிட்டேன். "துஷ்டி வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லக்கூடாதுல" என்று சின்ன வயதில் ஆச்சி என் வாயைப் பொத்தியது நினைவுக்கு வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே கடல் இருக்கிறது. வாயைப் பொத்துகிற கை ஒன்றுதான். அந்த மகன் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான்.

விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இது நமக்கும் நடந்திருக்கிறது. கால்டுவெல் பாதிரியார் 1838-இல் சென்னைக்கு வந்தவர். 1841-இல் திருநெல்வேலிச் சீமைக்கு வரும்போது, வழியில் தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிப் பெரும்பாலும் நடந்தே வந்தார். சனங்களோடு பழகவும், அவர்கள் பேச்சையும் பழக்கவழக்கத்தையும் அறியவும் நடைதான் வழி என்று நினைத்தவர். இடையன்குடியில் ஊரை அமைத்து வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார். 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் நம் வாசுதேவநல்லூரும் வருகிறது. வெளிநாட்டில் போய் அந்த ஊர் வாழ்க்கையை வாழ்வதென்றால் அவரைவிட யாரைச் சொல்ல முடியும்?

அவரேதான் 1849-இல், தான் யார் நடுவில் வாழ்ந்தாரோ அந்த நாடார் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்களைத் தாழ்த்திச் சொன்ன அந்த எழுத்து அந்தச் சமூகத்தாரை ஆறாமல் புண்படுத்தியது. பிற்பாடு அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நடந்து வந்தவர், மொழியைக் கரைத்துக் குடித்தவர், அந்த ஊரிலேயே அடக்கமானவர். அவருக்கே இப்படி ஒரு சறுக்கல். இடையன்குடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?" என்று அந்த மக்களிடமே வாசித்துக் காட்டியிருந்தால் அந்த நூல் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். நீங்கள் போகிற நாட்டைப் பற்றிப் போனில் ஊருக்குச் சொல்லும்போதும், படம் எடுத்து அனுப்பும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அதே வார்த்தையைச் சொல்வீர்களா?

தாய்மார்கள் பக்கம் பார்த்து ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அந்நிய ஊரில் போய் வாழக் கற்றுக்கொள்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சங்கரன்கோவிலிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு, குழம்புக்கு இந்த வீட்டில் எவ்வளவு புளி, எந்தச் சாமிக்கு எந்தக் கிழமை, யாரை மதினி என்பது, யாரை அத்தாச்சி என்பது, எந்த வீட்டோடு பேச்சு இல்லை என்று அத்தனையும் ஒரு பாடப்புத்தகம் இல்லாமல் கற்றீர்கள். பயண நூல் எழுதாத பயணிகள் நீங்கள். பையன்கள் வெளிநாடு போகும்போது ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறீர்கள். அதோடு உங்கள் முதல் ஆறு மாதக் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுத்து, விடியுமுன் வண்டியேறி, இருட்டியபின் திரும்புகிறவனிடம் "அந்த ஊர்ப் பண்பாட்டை அனுபவித்தாயா" என்று கேட்பது கொடுமை. அவனுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் வேலியை அவன் போடவில்லை. ஆனாலும் ரியாத்திலும் தோஹாவிலும் இருந்து வந்த நம் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். மலையாளம் பேசுகிறார்கள், இந்தி பேசுகிறார்கள். பெஷாவர்க்காரனோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்ற கதை வைத்திருக்கிறார்கள், நேப்பாளத்துக்காரன் அழுத கதை வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டைப் பார்க்க விடாவிட்டாலும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த உலகத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வந்தவர்களிடம் "எவ்வளவு கொண்டு வந்த?" என்று மட்டும் கேட்டால், அந்தக் கதைகள் அவர்களுக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும்.

என் அடுத்த விடுப்பு, குற்றாலம் சீசனில். சாரல் நேரம். ஆச்சிக்கு மூன்று பதிலும் சொன்னேன். எரிக்கிறவர்களும் உண்டு, புதைக்கிறவர்களும் உண்டு என்றேன். சொல்லிக்கொள்ளாமல் வருவதைச் சொன்னதும் "அங்கயுமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மசாலாக் கடை அம்மா ஒரு நோன்யா வீட்டுக் கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அரத்தையை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து அம்மியில் வைத்தேன். "இத மருந்துக்குல்லா போடுவோம். அவ கொழம்புக்கா போடுதா?" என்று கேட்டுக்கொண்டே ஆச்சியே குழவியைப் பிடித்தாள். அன்றைக்கு வைத்த மீன் குழம்பு எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குப் போனது.

மறுநாள் குற்றாலத்தில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் வாங்கினோம். நம் ஊர்ப் பழம் என்றே சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். இரண்டும் மலாய்ப் பெயர். ரம்புத் என்றால் அங்கே மயிர். தோலில் மயிர் இருக்கிற பழம், ரம்புத்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் வாசனைப்பயிர்த் தோட்டம் போட்ட காலத்திலிருந்து கிழக்குத் தீவுகளின் மரங்கள் நம் சாரலில் நனைந்து வளர்ந்திருக்கின்றன. சிங்கப்பூரில் ஊரைவிட்டு எங்கோ வந்துவிட்டோம் என்று ஏங்கியிருந்தேன். ஆனால் அந்தத் தீவுகளின் பழத்தைத் தின்றுதான் நான் வளர்ந்திருக்கிறேன்.

நான் திரும்பி வந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது நம் ஊருக்கே வெளியூரிலிருந்து பிழைக்க வருகிறார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களும் எட்டுப் பேர் அறையில் நாங்கள் இருந்தது போலத்தான் இருக்கிறார்கள், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு. போன மாதம் தெருமுனைப் பலசரக்குக் கடையில் நின்றிருந்தேன். அதில் ஒரு பையன் வந்து மிளகாய்த்தூள் பாக்கெட்டைக் கையால் காட்டினான். கடைக்கார அக்கா பாக்கெட்டை எடுக்காமல் அவனைப் பார்த்து, "என்ன வைக்கப் போறிய? எத்தன பேருக்கு?" என்று விரலை மடக்கிக் காட்டிக் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்து, "மீன், அண்ணாச்சி சொன்னாரு மீன் நல்லாருக்கும்னு" என்று உடைந்த தமிழில் சொல்லி ஆறு விரலைக் காட்டினான். பிறகு தயங்கித் தயங்கி வேறு ஏதோ கேட்டான். அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவன் போனில் படத்தைக் காட்டினான்.

இப்போது அந்தக் கடையில் நல்லெண்ணெய் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில் கடுகெண்ணெய் இருக்கிறது.